கிடைத்த ஒலிபெருக்கிகளை என் செய்வது?

விலைகொடுத்து வாங்கிய பொருளை என் செய்வதென்று எவரும் கேட்பதில்லை. வாங்கும்பொழுதே அக்கேள்விக்கு விடை கூறியாயிற்று. தானே வந்து சேரும் பொருளே மனத்தைக் குழப்புவது. பரணிலிருந்து இறக்கிய பாட்டனாரின் வெண்கலப் பாத்திரம் போல, எறியவும் மனமின்றி வைத்துக்கொள்ளவும் வகையின்றி அது நம் எதிரே நிற்கின்றது. மேனாடுகளில் இந்நாளில் இத்தகைய குழப்பத்தை மிகுதியாய் விளைவிக்கும் பொருள்களுள் ஒன்று, 1950-க்கும் 1980-க்கும் இடையில் செய்யப்பெற்ற ஹை-பை ஒலிபெருக்கி. அவற்றை ஆசையோடு வாங்கிய தலைமுறையினர் முதுமையெய்தி ஒருவர்பின் ஒருவராய் மறைந்து வருகின்றனர். அவர்தம் வீடுகள் கைமாறுகின்றன. நிலவறையிலும் வண்டிக் கொட்டகையிலும் கிடக்கும் கனத்த மரப்பெட்டிகளை மக்களும் மருமக்களும் கண்டு, இவை யாவை, இவற்றால் ஆவதென்ன என்று திகைக்கின்றனர்.

நம் கல்லூரியின் பழைய மாணவர் ஒருவர் அமெரிக்காவில் மாஸசூஸெட்ஸ் மாகாணத்தில் குடியிருக்கின்றார். அண்மையில் ஒரு பழைய வீட்டை விலைக்கு வாங்கினார். விற்றவர் கணவரை இழந்த முதிய அம்மையார். வீட்டைத் துப்புரவு செய்யுங்காலத்து, நிலவறையில் கொதிகலத்தின் பின்னே, கம்பளியால் மூடப்பெற்ற இரண்டு பெட்டிகள் அகப்பட்டன. உயரம் 25 அங்குலம். அகலம் 14 அங்குலம். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 24 கிலோ எடை. பக்கங்களில் வால்நட் மரத்தகடு. முகப்பில் சணல்நிறத் துணி. பின்புறத்துச் சீட்டில் ஏ.ஆர்.-3ஏ என்று பொறித்திருந்தது. பௌதிகம் கற்பித்தவர் என்னும் உரிமைபற்றி அவர் நம்மை அபிப்பிராயம் கேட்டு எழுதினார். அவ்வபிப்பிராயம் அவருக்கு மட்டுமன்றி, இத்தகைய பெட்டிகள் கைக்கு வரும் பிறர்க்கும் பயன்படலாமென்று கருதி இங்கே எழுதத் துணிந்தோம்.

அப்பெட்டியின் வரலாற்றை முதற்கண் அறிதல் வேண்டும். வரலாறு அறியாதான் அதற்கு விலை மதித்தலும் அரிது, மதிப்பளித்தலும் அரிது. காந்தத்தின் இடைவெளியில் ஒரு கம்பிச்சுருளைத் தொங்கவிட்டு, அதனோடு காகிதக் கூம்பொன்றை இணைத்து, மின்னோட்டத்தால் அசையச்செய்து ஒலியெழுப்பும் முறையை இன்றுள்ள வடிவிற்குக் கொணர்ந்தவர் ரைஸ், கெல்லாக் என்னும் அமெரிக்கர் இருவர். அவர்தம் கட்டுரை 1925-ம் ஆண்டில் வெளிவந்தது. இன்று சட்டைப்பைக்குள் அடங்கும் தொலைபேசி முதல் பெருந்திரையரங்கு வரை பெரும்பாலும் அம்முறையே வழங்குகின்றது. ஆயினும் ஆழ்ந்த ஒலிகளை, அதாவது பெரிய முரசின் அதிர்வையும் பைப் ஆர்கனின் கீழ்ச்சுரங்களையும் செவ்வனே தரவேண்டுமாயின், பெட்டி மிகப் பெரிதாயிருத்தல் வேண்டுமென்பது நெடுங்காலம் மாறாத விதியாய் இருந்தது. ஆர்க்கன்ஸாஸ் மாகாணத்தில் பால் கிளிப்ஷ் என்பார் செய்த ஒலிபெருக்கி அறையின் மூலையையே தன் உறுப்பாகக் கொள்வது. அதன் பக்கத்தில் மனிதன் நின்றால் பீரோவின் பக்கத்தில் நின்றாற்போலத் தோன்றும். ஒரு பீரோவை மனைவியார் பொறுப்பர். 1958-ம் ஆண்டையொட்டி ஸ்டீரியோ இசைத்தட்டுகள் வந்து, இல்லந்தோறும் இரண்டு வேண்டுமென்ற நிலை பிறந்தபொழுது, இரண்டு பீரோக்களை எவர் பொறுப்பர்?

இவ்விடர்ப்பாட்டைத் தீர்த்தவர் எட்கார் வில்ச்சூர் என்னும் ஆசிரியர். 1917-ல் பிறந்து 2011-ல் மறைந்த இவரைப்பற்றிச் சற்று விரித்துரைத்தல் தகும். இவர் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் ஒலிப்பதிவையும் ஒலிபெருக்கலையும்பற்றிப் பாடம் நடத்தியவர். அக்காலத்து ஒலிபெருக்கிகளின் கூம்பு, விறைப்பான விளிம்பினால் இழுத்துப் பிடிக்கப்பெற்றிருந்தது. அவ்விளிம்பு வில்லைப்போல் கூம்பை மீட்டும் தன் நிலைக்குக் கொணரும். ஆனால் அவ்வில் ஒழுங்காய் வேலைசெய்வதில்லை; மிகுதியாய் இழுத்தால் முரண்டு பிடிக்கும்; அதனால் ஒலி சிதையும். காற்றைப்போல ஒழுங்கான வில் பிறிதில்லையே, பெட்டிக்குள் அடைபட்ட காற்றையே வில்லாகக் கொண்டால் என்ன என்று வில்ச்சூர் எண்ணினார். பெட்டியைக் காற்றுப் புகாதபடி அடைத்து, விளிம்பை மிகமிக நெகிழ்வாக்கிவிட்டால் போதும். அந்நெகிழ்ந்த விளிம்பை மெத்தையுறைத் துணியிலிருந்து வெட்டித் தைத்துக் கொடுத்தவர் அவருடைய மனைவியார் ரோஸ்மேரி. இங்ஙனம் பெட்டி சிறுத்தது; கீழ்ச்சுரங்களோ முன்னினும் தூய்மையாய் வந்தன.

தம்மிடம் பாடங்கேட்ட ஹென்றி கிளாஸ் என்பாரோடு சேர்ந்து, 1954-ம் ஆண்டில் கேம்பிரிட்ஜ் நகரத்தில் அக்கூஸ்டிக் ரிசர்ச் என்னும் தொழிற்சாலையை வில்ச்சூர் நிறுவினார். ஏ.ஆர்.-1 என்பது அதன் தலைமகவு. 1958-ல் வந்த ஏ.ஆர்.-3, மேற்சுரங்களுக்குக் கவிகைபோன்ற சிறு உறுப்புகளைக் கொண்டிருந்தது. அவ்வமைப்பை இன்று எங்கும் காணலாம். 1967-ல் வந்ததே நம் மாணவர் கண்ட ஏ.ஆர்.-3ஏ. இத்தொழிற்சாலையார் செய்த ஒரு காரியம் நமக்கு மிகவும் உவப்பானது. பைன் ஆர்ட்ஸ் குவார்ட்டெட் என்னும் வயலின் குழுவினரை மேடையிலமர்த்தி, அவர்கள் வாசித்துக்கொண்டிருக்கும்பொழுதே, இசையின் நடுவே அவர்களை நிறுத்திவிட்டு, முன்னமே பதிவுசெய்த அதே இசையை ஒலிபெருக்கிகளின் வழியே தொடரச் செய்வர். வில் அசைந்துகொண்டிருப்பதாகவே தோன்றும். எவ்விடத்தில் மனிதர் ஓய்ந்தனர், எவ்விடத்தில் பெட்டி தொடங்கிற்று என்பதைக் கேட்போருட் பலர் அறிந்திலர். நியூயார்க்கின் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தில் ஓர் அறையும் அமைத்திருந்தனர், அங்கே எவரும் வந்தமர்ந்து இசை கேட்கலாம், ஒன்றும் விற்கப்படமாட்டாது. இவ்விதம் வாணிகம் நடத்துவோர் இன்று எத்துணைப்பேர்?

வில்ச்சூர் 1967-ல் தொழிற்சாலையை விற்றுவிட்டுச் செவிப்புலன் குறைந்தோர்க்குதவும் கருவியை ஆராயப் புகுந்தார். தாம் கண்டதற்குக் காப்புரிமை பெறாது, எவரும் எடுத்தாளுமாறு வெளியிட்டார். பிற்காலத்துச் செவிக்கருவிகள் அவ்வாராய்ச்சியின் பயனைப் பெற்றன. இதனைக் கூறுவது, நிலவறையிற் கிடந்த அப்பெட்டி வெறும் வாணிகச் சரக்கன்று என்பதைக் காட்டுதற்பொருட்டே.

நிற்க. நம் மாணவர்க்கு அவ்வூரில் மூன்று யோசனைகள் கிடைத்தன. அண்டைவீட்டார், குப்பைவண்டி வரும் நாளில் வீதியோரத்தில் வைத்துவிடுக என்றார். பழம்பொருள் வணிகர் ஒருவர், உறுப்புகளைக் கழற்றித் தனித்தனியே விற்றால் நல்ல கிரயம் கிடைக்கும், பெட்டிகளை விறகாக்கலாம் என்றார். ஒலிக்கருவிகளில் ஆர்வமுள்ள இளைஞர் ஒருவர், பெட்டி இருக்கட்டும், உள்ளிருப்பவற்றையெல்லாம் எடுத்தெறிந்து இக்காலத்து உறுப்புகளைப் பொருத்துக என்றார். இம்மூன்றையும் நாம் ஒப்புக்கொள்வதற்கில்லை.

முதல் யோசனைக்குக் காரணமாயிருந்தது கண்ணுக்குத் தெரிந்த ஒரு குறை. முகப்புத் துணியை நீக்கியபொழுது, பெரிய கூம்பின் விளிம்பு பொடிப்பொடியாய் உதிர்ந்தது. விரல் பட்ட இடமெல்லாம் கரிய பிசுக்கு. இது கண்டு, கருவி செத்ததென்று அண்டைவீட்டார் தீர்ப்பளித்தார். அத்தீர்ப்பு தவறானது. மெத்தைத் துணியில் தொடங்கிய அவ்விளிம்பை 1970-ஐ ஒட்டிய காலத்தில் பாலியூரித்தேன் நுரையாற் செய்யத் தலைப்பட்டனர். நுரை மெலிது, நெகிழ்வானது, செய்வதற்கு எளிது. காற்றின் ஈரமோ அதற்குக் கூற்றுவன். பதினைந்து இருபது ஆண்டுகளில் அது தானே சிதைந்து உதிரும், இசைத்தாலும் சரி, மூடிவைத்தாலும் சரி. அம்மையார் தைத்த துணி வகையைச் சார்ந்தவை இன்றும் பல கெடாதிருக்க, பின்வந்த நுரை மடிந்தொழிந்தது! ஆனால் மடிந்தது நுரை மட்டுமே. கூம்பும் சுருளும் காந்தமும் பெரும்பாலும் பழுதின்றியே இருக்கும். புதிய நுரை வளையங்கள் அளவுக்கேற்பக் கடைகளில் கிடைக்கின்றன. பழைய பசையைச் சாராயத்தால் மெல்லத் துடைத்து, சுருள் காந்தத்தின் இடைவெளியில் எப்பக்கமும் உராயாதவாறு நடுவில் நிறுத்தி, வளையத்தை ஒட்டிவிட்டால் கூம்பு பழையபடி அசையும். அவ்விடைவெளி மில்லிமீட்டரின் சிறு பகுதியே ஆதலின், இது பொறுமையுள்ள கைக்குரிய வேலை; பேரறிவு வேண்டுவதில்லை. நம் மாணவர் பள்ளிச் சிறுவனாயிருந்தபொழுது பட்டம் ஒட்டியவர்தாமே!

இவ்விடத்தில் வேறொரு சாரார் குறுக்கிடுவர். பழம்பொருளில் ஒன்றையும் மாற்றலாகாது. நுரையை மாற்றினாலும் அது பழைய ஒலிபெருக்கி ஆகாது என்பர் அவர். மிருதங்கத்தை நோக்குமின். பலாமரக் கட்டை மூன்று தலைமுறைக்கு வரும். தோலோ ஆண்டிற்குச் சிலமுறை மாறும். தோல் மாறியதால் தந்தையின் மிருதங்கம் மகனுக்கு அயலாகிவிடுமோ? நம் ஜெபாலயத்து ஹார்மோனியத்தின் துருத்திக்குப் புதுத்தோல் போட்டபொழுது அது வேறு ஹார்மோனியம் ஆயிற்றென்று எவரும் சொல்லவில்லை. தேய்தற்கென்றே அமைந்த உறுப்பை மாற்றுதல் அப்பொருளின் இயல்போடு ஒத்தது. நுரையும், உலர்ந்துபோகும் கண்டென்ஸர்களும், பின்புறத்தில் மேற்சுர நடுச்சுரங்களின் அளவைக் கூட்டிக் குறைக்கும் திருகுகளும் அவ்வினத்தைச் சேர்ந்தவை. அத்திருகுகள் துருப்பிடித்து ஒலியையே அடைத்துவிடுதல் ஏ.ஆர். பெட்டிகளில் யாவரும் அறிந்த குறை. மேற்சுரம் வரவில்லையென்றவுடன் உறுப்பு எரிந்துவிட்டதென்று முடிவுகட்டலாகாது. திருகை இருபுறமும் பலமுறை திருகிப் பார்த்தல் வேண்டும். பல வேளைகளில் அதுவே உயிர் கொடுக்கும்.

இளைஞரின் யோசனையே மூன்றனுள் அபாயமானது. ஏனெனில் அது அன்போடு கூறப்பெற்றது. உள்ளுறுப்புகளை மாற்றிச் சீர்திருத்துக என்கின்றார். ஏ.ஆர்.-3ஏ என்பது தனித்தனி உறுப்புகளின் கூட்டமன்று. பன்னிரண்டு அங்குலக் கூம்பும், பெட்டிக்குள் அடைபட்ட காற்றும், உள்ளே திணித்த கண்ணாடியிழைப் பஞ்சும் ஒன்றற்கொன்று கணக்கிட்டுப் பொருத்தப்பெற்றவை. பஞ்சில் கொஞ்சம் குறைத்தாலும், கூம்பைக் கழற்றித் திரும்பப் பூட்டுகையில் மெழுகுக்களிம்பு சரியாய் அமையாது காற்றொழுகினாலும் கணக்குக் கெட்டுவிடும். வேற்று உறுப்பைப் பொருத்தியபின் பெயர் மட்டும் நிற்கும். அன்றியும், நுரையை மாற்றியது பிடிக்காவிடின் பின்வருவோர் மீண்டும் மாற்றலாம்; எடுத்தெறிந்த உறுப்புகளை எங்கே தேடுவர்? திரும்பப்பெற இயலாத காரியத்தை, அதைச் செய்தேயாகவேண்டிய கட்டாயம் வந்தாலன்றிச் செய்யலாகாதென்பது நம் கருத்து.

ஆயின், இப்பழைய பெட்டி புதியவற்றினும் சிறந்த ஒலி தருமோ எனின், தரும் என்று நாம் சாதிக்கப் புகவில்லை. இவ்விஷயத்தில் பழம்பொருட் பிரியர் கூறும் மிகையுரைகளை நம்புதற்கில்லை. கனடா நாட்டில் பிளாய்டு டூல் என்னும் அறிஞர், ஒலிபெருக்கிகளைத் திரைக்குப்பின் மறைத்துவைத்து, பெயரும் விலையும் அறியாதவாறு மக்களைக் கேட்கச்செய்து பல ஆண்டுகள் ஆராய்ந்தார். எல்லாச் சுரங்களையும் ஏற்றத்தாழ்வின்றிச் சமனாய்த் தருவதையே பெரும்பாலோர் விரும்பினரென்பது அவர் கண்ட முடிவு. அவ்வாராய்ச்சியின் பயனாய் எழுந்த இன்றைய எளிய விலைப் பெட்டிகள் சில, அவ்வகையில் ஏ.ஆர்.-3ஏ-யை வெல்லும். அதன் மேற்சுரம் சற்று மங்கலானது, கேட்போர் அறிவர். கீழ்ச்சுரத்தில் மட்டும் அது இன்றும் தலைகுனிய வேண்டுவதில்லை.

பழையவெல்லாம் காத்தற்குரியன என்றும் சொல்லோம். 1970-க்குப் பின்னர், ஐந்தாறு கூம்புகளும் பளபளக்கும் வளையங்களுமாகக் கண்ணைக் கவர்ந்து காதை ஏமாற்றிய பெட்டிகள் எத்தனையோ விற்பனையாயின. அவற்றிற்காக எவரும் கண்ணீர் சிந்த வேண்டா. பெருக்கி வெளியே கொட்டலாம்.

பின்னர் எதன்பொருட்டு இதைச் செப்பனிடுதல் வேண்டும்? நாம் காணும் காரணம் இது. இன்று விற்கும் சிறு கம்பியில்லா ஒலிபெருக்கியைத் திறந்து பார்த்தவர் அறிவர்: பலவற்றில் திருகாணி தென்படாது, பசையால் மூடியிருக்கும், உள்ளிருக்கும் மின்கலம் சில ஆண்டுகளில் தளர்ந்தபின் கருவியையே எறியவேண்டும். ஏ.ஆர். பெட்டியோ, திருகாணியும் மரமும் காகிதமும் கம்பியுமாக, மனிதனுடைய கையும் கண்ணும் எட்டும்படி அமைந்தது. ஐம்பது ஆண்டுக்குப் பின்னும் ஒரு மனிதன் ஒரு திருப்புளியோடு அதனை எழுப்பிவிடலாம். பௌதிகம் பயிலும் மாணாக்கன் ஒருவன் அதனைத் திறந்து பார்த்தால், பாடப்புத்தகத்தில் எழுதியிருக்கும் காந்தமும் சுருளும் அங்கே கண்ணெதிரே இருக்கும். மற்றொன்று: அப்பெட்டியின் முன் அமர்ந்தே கேட்கவேண்டும், காதில் செருகிக்கொண்டு வீதியில் நடக்கவியலாது. ஒரு வீட்டார் ஒன்றாய் அமர்ந்து ஒரே இசையைக் கேட்டல் அருகிவரும் இக்காலத்து, அதுவும் ஒரு குறையென்று நமக்குத் தோன்றவில்லை.

ஒரு எச்சரிக்கையும் கூறுவோம். இப்பெட்டியின் மின்தடை 4 ஓம் என்பர். ஆற்றலையும் மிகுதியாய் உண்ணும். கடையிற் கிடைத்த சிறிய ஆம்பிளிபையரோடு பிணைத்து உரக்க இசைத்தால் ஆம்பிளிபையர் வருந்தும். அதன் வருத்தம் மேற்சுர உறுப்பை எரிக்கவுங்கூடும். முதலில் ஒன்றரை வோல்ட் மின்கலமொன்றைக் கணநேரம் தொட்டு, பெரிய கூம்பு அசைகின்றதா என்று பார்ப்பதே போதும். இதே தன்மையில் இங்கிலாந்தின் பீட்டர் வாக்கர் செய்து 1957 முதல் விற்ற குவாட் எலெக்ட்ரோஸ்டாட்டிக் ஒலிபெருக்கி ஒருவர்க்குக் கிடைக்குமாயின், அதனைத் தாமே திறக்கத் துணியவேண்டா. கூம்பும் சுருளுமின்றி மெல்லிய படலமொன்றால் ஒலிக்கும் அவ்வற்புதக் கருவிக்குள் ஆயிரக்கணக்கான வோல்ட் மின்னழுத்தம் உறைகின்றது. அது தேர்ந்தவர் கைக்குரியது.

இனி வணிகரின் யோசனை. உறுப்புகளைத் தனித்தனியே விற்றால் பணம் வருமென்றார், பொய்யன்று. செப்பனிட்ட இணை ஆயிரம் டாலரைத் தாண்டியும் விலைபோவதுண்டு. பழுதுபட்டதன் உறுப்புகளுக்கும் கேட்பார் உண்டு. ஒரு பெட்டி தீப்பட்டோ நீர்ப்பட்டோ முற்றும் அழிந்திருப்பின் அதன் உறுப்புகள் வேறிரண்டைப் பிழைப்பிக்கட்டும்; அதில் குற்றமில்லை. முழுதாயிருப்பதை உடைப்பது வேறு. விற்பதே தவறென்றும் நாம் கூறோம். வைக்க இடமுமின்றிக் கேட்க விருப்பமுமின்றி, நினைவுப்பொருளென்று சொல்லி ஈர நிலவறையிலே வைத்திருத்தல் விற்பதினும் கொடிது. கேட்பவன் கைக்குப் போகட்டும். அவன் விலைகொடுத்தாலும் சரி, கொடுக்கவியலாத இளைஞனாயினும் சரி.

இத்துணையும் எழுதியபின் நம் மாணவரின் கடிதத்தை மறுமுறை படித்தோம். அவர் கேட்காத கேள்வியொன்று அதனுள் மறைந்திருந்தது. அப்பெட்டிகள் யாருடையவை? வீட்டோடு விட்டுச்சென்றவை வாங்கியவர்க்கே என்று சட்டம் பெரும்பாலும் அவர் பக்கமே நிற்கும். விற்ற அம்மையார் அவற்றைப் பழைய மரப்பெட்டிகள் என்றே எண்ணி விட்டிருத்தல் கூடும். அல்லது முதுமையில், கொதிகலத்தின் பின்னே அவை இருப்பதையே மறந்திருத்தல் கூடும். வாங்கியவர் அவருடைய கணவர். எத்தனை மாதச் சம்பளத்தில் மிச்சம்பிடித்து வாங்கினாரோ, எந்தெந்த ஞாயிற்றுக்கிழமைகளில் இருவருமாய் அமர்ந்து கேட்டனரோ, நாம் அறியோம். கண்டெடுத்தவரின் பாக்கியம் என்று இதனைச் சிலர் சொல்வர். நம்மிடம் ஒப்புவிக்கப்பெற்ற பொருளுக்கு நாம் உக்கிராணக்காரர் என்று ஜெபாலயத்தில் கேட்டு வளர்ந்த மாணவர்க்கு அவ்விடை போதாது.

ஆதலின் நாம் அவர்க்கு எழுதியது இது. அம்மையாருக்கு ஒரு கடிதம் எழுதுக. பெட்டிகள் இருப்பதையும், அவை இன்னவை என்பதையும், செப்பனிட்டால் இன்ன விலை பெறும் என்பதையும் மறையாது எழுதுக. விலையைச் சொல்லாது ‘பழைய பெட்டிகள் வேண்டுமா’ என்று மட்டும் கேட்பது கேளாமையினும் தாழ்வானது. அவர், பேரனுக்கு வேண்டுமெனலாம். விற்றுப் பணத்தை அனுப்புக எனலாம். நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், செப்பனிட்டபின் ஒரு நாள் வந்து கேட்கின்றேன் எனலாம். அவர் சொற்படி செய்க. மறுமொழி வருமட்டும் பெட்டிகளை நிலவறையினின்று மேலே கொணர்ந்து, உலர்ந்த அறையில், தரையினின்று சற்று உயர்த்தி, முகம் சுவரை நோக்குமாறு வைக்கலாம். நுரை வளையங்களை வாங்கிவைத்தலிலும் தடையில்லை. பசைக்குப்பியை மட்டும் இப்பொழுது திறக்க வேண்டா.